செல்லும் சட்டமும்: வாசகர் கேள்வி பதில்

யூபிஐக்கு இனிமேல் கட்டணம் என்று மாதத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிவிடுகிறார்கள். க்யூஆர் அட்டையையே கழற்றிவிடலாமா என்று இருக்கிறது.
*மளிகைக் கடைக்காரர், விருதுநகர்*

கழற்ற வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர், அதாவது வணிகரிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாது. 2025 ஜூனில் வதந்தி பெரிதானபோது நிதி அமைச்சகமே மறுப்பு வெளியிட்டது.

அதற்காக யூபிஐ ஓசியில் ஓடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2024-25க்கு அரசு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கியது. சிறு வணிகரிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம் என்று கணக்கு. அதாவது நம் வரிப்பணம். இது போதாது என்று வங்கிகளும் செயலி நிறுவனங்களும் முனகிக்கொண்டே இருக்கின்றன, அந்த முனகல்தான் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வதந்தியாக வந்து சேர்கிறது. பெரிய மால்களிடம் ஒரு சிறு கட்டணம் வாங்கினால் தப்பில்லை என்பது நம் கட்சி. பருப்பும் புளியும் விற்பவரிடம் கை வைப்பதுதான் தப்பு.

உங்கள் காசு உண்மையில் போகிற இடங்கள் வேறு. ஒன்று, சவுண்ட் பாக்ஸ் மாத வாடகை. ‘இலவசம்’ என்று மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள், சில மாதம் கழித்துப் பிடிக்க ஆரம்பிப்பார்கள். வணிகர் செயலியில் ‘செட்டில்மெண்ட்’ பக்கத்தைத் திறந்து, வந்த தொகையையும் வரவு வைத்த தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு, ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைத்து வாடிக்கையாளர் 2,000 ரூபாய்க்கு மேல் கட்டினால் வழக்கமான கார்டு கட்டணம் உண்டு. மூன்றாவது, க்யூஆர் திருட்டு. உங்கள் அட்டையின் மேல் வேறொருவர் தன்னுடையதை ஒட்டிவிட்டுப் போயிருப்பார், மத்தியானம் வரை வியாபாரம் அவர் கணக்குக்கு நடக்கும். காலையில் கடை திறந்ததும் உங்கள் போனிலேயே ஸ்கேன் பண்ணிப் பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு ஊதுபத்தி கொளுத்துங்கள். அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் மேலே ஒட்டிய தாள் இருந்தால் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளர் நீட்டுகிற பச்சை டிக்கை நம்பாதீர்கள். அதே மாதிரி திரை காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. பெட்டி பேச வேண்டும், இல்லை உங்கள் செயலியில் வரவு தெரிய வேண்டும்.

டீக்கடை வைத்திருக்கிறோம். யாரோ எங்கேயோ ஏமாற்றிய பணத்தில் எங்கள் கடையில் சாப்பிட்டாராம். கணக்கு மொத்தமும் முடக்கம். வங்கியில் கேட்டால் ‘போலீஸைக் கேளுங்கள்’ என்கிறார்கள். எந்தப் போலீஸ் என்றும் சொல்லவில்லை.
*வாசகி, ஈரோடு*

இந்த வாரம் வந்த கேள்விகளில் இதுதான் அவசரமானது.

நடப்பது இதுதான். ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் கொடுக்கிறார். பணம் போன முதல் கணக்கு, அதிலிருந்து பிரிந்து போன இரண்டாவது கணக்குகள், மூன்றாவது கணக்குகள் என்று கிளை கிளையாகப் பின்தொடர்ந்து நிறுத்தச் சொல்கிறது அமைப்பு. திருடன் அந்தப் பணத்தில் 40 ரூபாய்க்கு இரண்டு டீ குடித்திருந்தால் நீங்களும் ஒரு கிளை. பணத்தைத் துரத்திப் பிடிக்க இந்த வேகம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 40 ரூபாய்க்காக நாற்பதாயிரத்தை முடக்குவது நியாயமில்லை. சர்ச்சைக்குரிய தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இலேயே சொல்லியிருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. வங்கிக் கிளையில் வாயால் கேட்காதீர்கள், மனுவாக எழுதி நகலில் முத்திரை வாங்குங்கள். அதில் நான்கு விவரம் கேளுங்கள்: சைபர் புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம் எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, கணக்கு முழுவதும் முடக்கமா அல்லது அந்தத் தொகைக்கு மட்டும் ‘லீன்’, அதாவது நிறுத்திவைப்பு, போடப்பட்டிருக்கிறதா. முழு முடக்கம் என்றால், லீனாக மாற்றும்படி அதே மனுவில் ஒரு வரி சேருங்கள். பல சமயம் இந்த ஒரு வரியிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்து, அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல். அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க யூபிஐ எண், அன்றைய தேதிக்கான கணக்கு அறிக்கை, உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, கடை முகப்புப் படம். டீக்கு பில் இருக்காது, பரவாயில்லை. அன்று அதே நேரத்தில் வந்த மற்ற பத்து இருபது ரூபாய் வரவுகளே இது டீக்கடைக் கணக்கு என்று காட்டிவிடும். நகலை அந்த மாநில சைபர் நோடல் அதிகாரிக்கும் அனுப்புங்கள். முகவரிப் பட்டியல் தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் இருக்கிறது.

பதிலே வரவில்லை என்றால் வக்கீல் மூலம், அந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குரிய மாஜிஸ்திரேட்டிடம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 503ஆம் பிரிவில் மனு போடலாம். காவல்துறை 106ஆம் பிரிவில் சொத்தைப் பிடித்தால் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்பதே வக்கீல் முதலில் கேட்கிற கேள்வியாக இருக்கும்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. ‘நான்தான் அந்த ஸ்டேஷன், இவ்வளவு அனுப்பினால் இன்றைக்கே திறந்துவிடுகிறேன்’ என்று போன் வரும். அனுப்பாதீர்கள். கணக்கு திறந்தபிறகு கடைக்கென்று தனிக் கணக்கு வைத்து, இரவு கல்லா எண்ணும்போது அன்றைய வரவை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தவணையும் வாடகையும் அந்த இரண்டாவது கணக்கிலிருந்து போகட்டும். மறுபடி ஒரு முடக்கம் வந்தாலும் ஒருநாள் வியாபாரத்தோடு போகும்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எந்தப் பிரிவு?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி*

எந்தப் பிரிவும் இல்லை சார். வீடியோ காலில் கைது செய்யும் அதிகாரம் இந்தியாவில் எவருக்கும் கிடையாது. அந்தக் கால் வந்தால் வணக்கம்கூடச் சொல்லாமல் வையுங்கள்.

கார்டிலிருந்து 48,000 ரூபாய் எடுத்துவிட்டார்கள். ஓடிபி வரவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. வங்கி ‘பார்க்கிறோம்’ என்கிறது. பணம் திரும்புமா?
*வாசகர், நாகர்கோவில்*

எத்தனையாவது நாளில் புகார் கொடுத்தீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களிடமும் இல்லை வங்கியிடமும் இல்லை, நடுவில் எங்கோ என்றால், தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் சுழியம். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000. ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை. வங்கியின் தவறு என்றால் நாள் கணக்கே கிடையாது.

தப்பு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ‘நீங்கள் ஓடிபி சொல்லியிருப்பீர்கள்’ என்று மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். புகார் தந்த 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, விளக்கத்துக்கு 14448.

முதல் அரைமணி நேரத்தில் செய்ய வேண்டியது மட்டும் வேறு. அது 1930. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த அதுதான் வழி. கார்டை முடக்குவது இரண்டாவது, கிளைக்கு ஓடுவது கடைசி.

கசப்பான விஷயமும் உண்டு. நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கைகொடுக்காது. புகார் கொடுத்தபிறகு போகிற பணம் மட்டுமே வங்கியின் பொறுப்பு. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸா, திருடன் அனுப்பியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

பெயரைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் திருத்திய விதிப்படி, அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு, அதற்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து. டி என்றால் பரிவர்த்தனை, ஓடிபி இதில்தான் வரும். எஸ் என்றால் சேவைத் தகவல். பி விளம்பரம். ஜி அரசு. முன்னால் இருக்கிற இரண்டு எழுத்து, தொலைபேசி நிறுவனத்தையும் வட்டத்தையும் குறிப்பது. ‘உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்’ என்று பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அது வங்கி இல்லை. விளம்பர வால் போட்டுக்கொண்டு கேஒய்சி கேட்டாலும் இல்லை.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கூகுள் மெசேஜஸ் செயலியில் படமும் பட்டனுமாகச் சில செய்தி வருகிறதே, அது எஸ்எம்எஸ் அல்ல, ஆர்சிஎஸ். இணையம் வழியாக வருவதால் இந்த வால் அதற்குக் கிடையாது. செயலியின் செட்டிங்ஸில் ஆர்சிஎஸ் சாட்ஸை அணைத்துவிட்டால் தொல்லை பாதி குறையும். அழைப்பு என்றால், வங்கிகளின் சேவை அழைப்புக்கு 1600, விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தொல்லை அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் 1909இல் புகார் செய்யலாம்.

வாட்ஸ்அப் வெப் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேறிவிடும் என்கிறார்கள். எங்கள் அச்சகத்தில் டிசைன் எல்லாம் அதில்தான் வருகிறது. அப்படியே அரட்டை செயலிக்கு மாறிவிட்டால் தப்பிக்கலாமா?
*ஆஃப்செட் அச்சகம், சிவகாசி*

தப்பிக்க முடியாது. தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28இல் போட்ட ஆணை வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் என்று அரட்டையையும் சேர்த்துத்தான். சாராம்சம் இரண்டு. எந்த சிம்மில் கணக்குத் தொடங்கினீர்களோ அது போனிலேயே இருக்க வேண்டும். கணினியில் திறந்த கணக்கு ஆறு மணி நேரத்துக்குள் வெளியேறி, மறுபடி க்யூஆர் காட்டிச் சேர வேண்டும். இந்திய எண்ணில் கணக்கு தொடங்கிவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்து ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள்.

நோக்கம் சரி. ஆனால் அடி விழுவது யார் மேல் என்று பாருங்கள். வாடகைக்கு எடுத்த சிம்மோடு ஓடுகிற திருடனுக்கு அந்த சிம் கையில்தான் இருக்கிறது. சிம் போடாத டேபை வைத்துக் கணக்கு பார்க்கும் கடைக்காரருக்கும், துபாயில் இறங்கியதும் உள்ளூர் சிம்மை மாட்டுகிற தொழிலாளிக்கும்தான் முதலில் வலிக்கும்.

ஆணையை விடுங்கள், உங்கள் வேலைக்கே வாட்ஸ்அப் வெப் ஒத்துவராது. படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கினால் முகமெல்லாம் மங்கும், பழியை வாடிக்கையாளர் உங்கள் மேல் போடுவார். பேப்பர் கிளிப் பொத்தானில் ‘டாகுமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை அசல் அப்படியே வரும். இதை ஒரு சீட்டில் எழுதி அதையே முதல் பதிலாக எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். வந்த கோப்பை அன்றன்றே வாடிக்கையாளர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுக் கணினியில் இறக்குங்கள். பிரதிக்கு ஒப்புதல் வாங்குவதை மின்னஞ்சலில் வைத்துக்கொண்டால், ‘நான் சிவப்பு சொல்லவே இல்லையே’ என்ற வழக்குக்கும் மருந்தாகும்.

அரட்டை நம் சென்னை ஸோஹோ தயாரிப்பு, 2025 செப்டம்பர் அக்டோபரில் ஒரு பெரிய அலை அடித்தது. இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘நம்ம ஊர் செயலி, அதனால் ரகசியம் பத்திரம்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. ரகசியத்தைக் காப்பது பூட்டுதான். வாட்ஸ்அப்பிலும் பூட்டு முழுசாக இல்லை. செய்தி பூட்டியிருக்கும், கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்அப் நீங்களாகச் செய்யாதவரை பூட்டாமல்தான் போகும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்அப் போய் ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்அப்’ என்பதை இயக்குங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. எழுதி பீரோவில் வையுங்கள்.

ஜவுளிக் கடையில் போன் நம்பர் சொல்லாவிட்டால் பில் வராது என்கிறார்கள்.
*இல்லத்தரசி, கும்பகோணம்*

வரும். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு அசையாமல் நில்லுங்கள், கேஷியர் ஏதோ ஓர் எண்ணைத் தட்டி பில் போட்டுவிடுவார். எண் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டிலேயே வந்தாலும் விதிகள் வந்தது 2025 நவம்பரில். அதிலும் கடைகளைக் கட்டும் முக்கியப் பகுதி 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான். அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய் என்று படிக்க ஜோராக இருக்கிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் திருத்தி, அதிகாரிகளைப் பற்றிய விவரம் கேட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று கதவைச் சாத்த வழி செய்திருக்கிறது. ஜவுளிக் கடைக்காரரிடம் நம் எண்ணைக் காப்பாற்றுவதற்கு அதை ஏன் தொட வேண்டும் என்பதற்கு இதுவரை திருப்தியான விளக்கம் இல்லை.

ஆதார் கைரேகையை லாக் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணலாமா?
*விவசாயி, சிவகங்கை*

பண்ணலாம், ரேஷன் கடை நினைவிருக்கட்டும்.

பழைய பத்திரங்களில் பதிந்த ரேகையை நகலெடுத்து ரப்பர் அச்சு செய்து, ஆதார் வழிப் பணமெடுக்கும் கருவியில் வைத்து வழித்த வழக்குகள் பல மாநிலத்தில் வந்தன. அதற்கு ஓடிபி வேண்டாம், கார்டு வேண்டாம், ரேகை ஒன்று போதும். ஆதார் செயலியிலோ மைஆதார் தளத்திலோ பயோமெட்ரிக் லாக் போட்டால் அந்த வழி அடைபடும். ஆனால் ரேஷன் கடைக் கருவியும் அதே ரேகையைத்தான் கேட்கிறது. வரிசையில் உங்கள் முறை வரும்போது செயலியில் தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கும்போதே திறந்துவிட்டு, கடைக்காரர் டீ குடிக்கப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. செயலி ஓட்டத் தெரியாத பெரியவர் ரேஷன் வாங்கப் போகிறவர் என்றால் லாக் வேண்டாம். வங்கியில் மனு கொடுத்து ஆதார் வழிப் பணமெடுப்பை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

லாட்ஜில் நகல் கேட்டால் மறைத்த ஆதார் கொடுங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும், தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் இன்ஸ்டாகிராம் கிடையாதாம். இங்கே எப்போது?
*இரண்டு பிள்ளைகளின் அப்பா, ஓசூர்*

அங்கே 2025 டிசம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. நிறுவனத்துக்குத்தான், அதிகபட்சம் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர். பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதில் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். நம் தரவுச் சட்டமோ 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஒரே போனை அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை நால்வரும் புழங்கும் வீட்டில் சம்மதப் பொத்தானை அழுத்தியது யார் என்று எப்படித் தெரியும்?

சட்டம் வரட்டும். அதுவரை ஆண்ட்ராய்டில் பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் ஃபேமிலி லிங்க், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும் அமைப்பு, யூபிஐ செயலிக்குத் தனிப் பூட்டு. மூன்றாவதை முதலில் செய்யுங்கள்.

அம்மாவிடம் பட்டன் போன். நெட் வேண்டவே வேண்டாம். ஆனாலும் டேட்டா பேக்தான் போடச் சொல்கிறார் ரீசார்ஜ் கடைக்காரர்.
*வாசகி, பெரம்பலூர்*

பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் தனியாக இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரிலேயே டிராய் உத்தரவு போட்டுவிட்டது, 365 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். விளம்பரம் செய்ய மாட்டார்கள். நிறுவனத்தின் செயலியில் ‘வாய்ஸ் ஒன்லி’ அல்லது ‘வேல்யூ’ என்ற பகுதியில் கீழே கீழே போய்த் தேட வேண்டும். கடைக்காரரிடம் விலையைச் சொல்லிக் கேளுங்கள், பெயரைச் சொல்லிக் கேட்டால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்பார்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியை வைத்துக்கொள்ளலாமா, வேவு பார்க்குமா?
*செல்போன் பழுதுபார்ப்பவர், தேனி*

எல்லாப் புதுப் போனிலும் அதைக் கட்டாயமாகப் போட்டு விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் உத்தரவு. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3இல் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். கைவிட்டது சரி. நீக்க முடியாதபடி அரசு ஒரு செயலியைப் போனில் வைப்பது, அது எவ்வளவு நல்ல செயலியாக இருந்தாலும், கெட்ட பழக்கம்.

அதே வேலைகள் இணையதளத்திலேயே நடக்கும், செயலி தேவையில்லை. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அங்கே பார்க்கலாம், உச்சவரம்பு ஒன்பது. தெரியாத எண் இருந்தால் ‘என்னுடையது அல்ல’ என்று குறியுங்கள். உங்கள் தொழிலுக்கு முக்கியமானது வேறு. பழைய போன் வாங்கும்போது *#06# அடித்து ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண்ணை, எடுத்து, அந்தத் தளத்தில் சரிபாருங்கள். ‘பிளாக் லிஸ்ட்’ என்று காட்டினால் கை வைக்காதீர்கள். திரையில் வருவதும் சிம் தட்டில் அச்சிட்டிருப்பதும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். எண் மாற்றிய போனைக் கடையில் வைத்திருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். போனைத் தொலைத்துவிட்டு உங்களிடம் வருகிறவருக்கு வரிசை இப்படி: முதலில் காவல் நிலையப் புகார் ரசீது, அடுத்து அதே எண்ணுக்கு மாற்று சிம், பிறகு தளத்தில் ஐஎம்இஐயைத் தடுக்கும் விண்ணப்பம். சிம் இல்லாமல் விண்ணப்பத்தில் உட்கார்ந்தால் ஓடிபி தொலைந்த போனுக்குத்தான் போகும்.